ஈயக்குண்டு ஓட்டிய விமானம்

அப்பா, இந்தக் கடிதத்தை ஒருவருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூட. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

குச்சவெளியில் எல்லோரும் சுகமா? உங்கள் இருமல் நின்றதா? ஓர்ஸ் ஹில் விடுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரும் உறங்கிய பிறகு மெழுகுதிரி வைத்து எழுதுகிறேன்.

போன மாரி மழையில், கடலில் காணாமற்போன சித்தப்பாவின் வள்ளத்தைத் தேட, காற்று அடங்கும்வரை மூன்று நாள் காத்திருந்தோம். பிறகு தேடி என்ன பயன்? அந்தக் காற்றிலும் ஆளில்லாமல் பறந்து தேடும் விமானம் ஒன்றை வரைந்திருக்கிறேன். மீன்பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் நுரைத்தகட்டில் சிறியதாகச் செய்தும்விட்டேன். அதைத் தானாக ஓட்டப் பற்றரி கொண்டுவந்தால் ஆமியின் சோதனைச்சாவடியில் பிடிப்பார்கள். அதனால் நீங்கள் தந்த வலை ஈயக்குண்டை உள்ளே தொங்கவிட்டேன். விமானம் சரிந்தால் குண்டு ஆடும். அதில் கட்டிய நூல் சிறகின் ஓரத்தை இழுத்து நிமிர்த்தும்.

இன்று பின்னேரம் கொட்டும் மழையில் மாடியிலிருந்து விட்டேன். இரண்டு தரம் சரிந்தது. இரண்டு தரமும் தானாக நிமிர்ந்து, கிணற்றையும் தாண்டிப் போனது!

“எடி விசரி, ஆமி கண்டா உன்னையும் சேர்த்துப் பறக்க விடுவாங்கள்!” என்றாள் என் அறைத்தோழி நிரோஜினி. பிறகு அவளே நனைந்து ஓடி எடுத்து வந்தாள். சிரித்தோம். நீங்கள் பயப்படாதீர்கள்.

இன்னும் நான்கு ஈயக்குண்டு வேண்டும். வலையோடு கொண்டுவந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய சேட்டு ஒன்றும் வேண்டும், தோய்க்காமல். சிறகை மூடத்தான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். விமானம் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அப்பா, அது தானாகவே நிமிர்ந்தது