மைக் கத்தியது என்னால் இல்லை

திருப்போரூர், ஞாயிறு இரவு

மாமல்லபுரம் ரிசார்ட்டில் கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா பேச வந்ததும் மைக் வீலென்று கத்தியது. கூட்டமே காதைப் பொத்திக்கொண்டது. மைக் செக்கில், மைக்கின் ஒலியை ஏற்றும் கெயின் திருகை நான் கால்வாசியில்தான் வைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் ஏறிக் கிடக்கிறது.

"இன்னாடா, காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தானுங்களா?" எல்லார் முன்னாலும் கத்தினார் முரளி அண்ணன். அவரிடம்தான் சவுண்ட் வேலை பழகுகிறேன். நான் சாப்பிடப் போனபோது, அந்தத் திருகுகள் இருக்கும் மிக்சர் போர்டு பக்கத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். அதற்குச் சற்று முன்புதான் ரிசார்ட் மேனேஜர் அவர் எதிரிலேயே, "தம்பி, அடுத்த ப்ரோக்ராமுக்கு நீயே வந்துடு" என்றார்.

என்னை வீட்டில் இறக்கிவிடும்போது அண்ணன் சிரித்தார். "மிக்சர போட்டோ எடுத்துகினு இருக்காத. காத நம்புடா."

செக் முடிந்ததும் மிக்சரைப் படம் எடுப்பது என் பழக்கம். அவரிடம் சொன்னதில்லை. இன்றும் அவர் டீ குடிக்கப் போனபோதுதான் எடுத்தேன்.

இப்போது தேடுகிறேன். மற்ற நாள் படங்கள் எல்லாம் இருக்கின்றன. இன்றையது மட்டும் இல்லை.

நான் சாப்பிட்ட நேரம் முழுக்க, பாட்டு ஓடுவதற்காக, போன் மிக்சரிலேயே மாட்டியிருந்தது. லாக்கை நான்தான் எடுத்துவிட்டிருந்தேன்.