வெள்ளிக்கிழமை எண்

சிடாரத்தா, தியெங் மேட்டுநிலம்
4 மே 1996

அன்புப் பேத்தி ரெத்னோவுக்குப் பாட்டி எழுதுவது. இங்கே ஒரு குறையும் இல்லை. பாண்டுங்கில் நீ வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் என் கவலை.

உன் அக்கா எண்டா நாற்பதாவது பிரசவம் பார்த்துவிட்டாள்; அதில் இரண்டு இரட்டை. தம்பி அகுங் குர்ஆன் ஓதும் போட்டியில் வட்டாரத்திலேயே முதல். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிறது. நீயோ எரிமலை அலுவலகத்தில் மண்ணுக்குள் இருக்கும் காற்றை அளக்கிறவள். சந்தையில் கேட்கிறவர்களுக்கு நானே விளக்குகிறேன்: இடுப்பளவு ஆழத்தில் இரும்புக் குழாய், அதிலிருந்து கைப்பம்பால் காற்றை இழுத்தால் கண்ணாடிக் குச்சியில் நிறம் மாறும், நூற்றில் எத்தனை பங்கு கரியமில வாயு என்று தெரிந்துவிடும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே இவ்வளவு வருகிறது.

உன் அப்பா கேட்கச் சொன்னான். காற்று அசையாத ஒரு காலையில் அந்த வாயு தேங்கி ஆடு இரண்டு விழுந்து செத்ததிலிருந்து பள்ளத்து வயல் மூன்று வருடமாகத் தரிசு. நீ குழாய் புதைத்த அன்று பன்னிரண்டு வந்தது. உங்கள் அலுவலகத்து ஆள் வாராவாரம் வந்து அளப்பதில், இப்போது எட்டு வெள்ளிக்கிழமையாக இரண்டுதானாம். உருளைக்கிழங்கு போடலாமா? மகள் சொல்லாமல் மண்வெட்டியைத் தொட மாட்டேன் என்கிறான்.

உன் பாட்டி

*

பாண்டுங்
15 மே 1996

அன்புள்ள பாட்டிக்கு,

இரண்டு என்றால் பயமில்லை. பன்னிரண்டிலிருந்து இவ்வளவு இறங்கியது எனக்கே ஆச்சரியம்தான். ஆனாலும் எட்டு வாரமும் ஒரே எண். ஜூனில் மழை விட்டதும் அப்பா பாத்தி போடட்டும். முதல் கிழங்கை எனக்கு எடுத்து வையுங்கள்.

ரெத்னோ

*

பாண்டுங்
9 ஜூலை 1996

பாட்டி,

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் பள்ளத்தில் நானே இறங்கி அளந்தேன். பதினேழு. அதற்கு முந்திய வெள்ளி வரை இரண்டு. ஒரே வாரத்தில் இப்படி ஏறும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்குத்தானே படிக்க வைத்தீர்கள். நான் எழுதிக் கொடுத்தேன், அவர் குனிந்து கொத்தினார்.

வேலையை விட்டுவிட்டேன். நாற்பதாம் நாள் சோற்றுக்கு என்னை எதிர்பார்க்காதீர்கள். அம்மா முன்னால் வந்து உட்கார எனக்குத் தைரியம் இல்லை. சந்தையில் இனி என்னைப் பற்றிப் பேசாதீர்கள்.

ரெத்னோ

*

சிடாரத்தா
28 ஜூலை 1996

ரெத்னோ கண்ணு,

நேற்று நாற்பதாம் நாள். ஊரே வந்து சாப்பிட்டது. உன் அம்மா உனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்திருந்தாள்.

உன் கணக்கில் பிழை இல்லை. குழாயை நான் இடம் மாற்றினேன்.

மூடியில் சிவப்புப் பெயிண்டால் உன் பெயரை எழுதியிருந்தாய் அல்லவா. ஒருநாள் அடுத்த வீட்டு வாகினம் வழியில் என்னை நிறுத்தி, "என்ன சுமிராக்கா, பேத்தி பேரு பேருங்கறீங்க, அது ஆடு செத்த குழிக்குள்ளல்ல கெடக்கு. யாரு பாக்கப் போறா?" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பிடுங்கி வந்து, மேலே மசூதிக்குப் போகும் பாதையோரம் நட்டேன். தொழப் போகிறவர்கள் உன் பெயரைப் படித்துவிட்டுப் போனார்கள். நம் வயல் மண்தானே, மேலே இருந்தால் என்ன கீழே இருந்தால் என்ன என்று நினைத்தேன். நான் சொன்னதை உன் அப்பாவும் நம்பினான். அந்த வாரம்தான் அளக்கிற ஆள் மாறி வந்தார். குழாய் எங்கே என்று கேட்டவரை நானே கூட்டிப்போய்க் காட்டி, காப்பியும் கொடுத்தேன்.

உன் கடிதத்தை அப்பா மடித்துத் தொப்பிக்குள் வைத்திருந்தான். அந்தக் காலையில் பனி விலகவில்லை, இலைகூட அசையவில்லை. கொஞ்சம் பொறுடா என்றேன். "எம் மக ரெண்டுன்னு எழுதியிருக்காம்மா. ரெண்டுக்கும் பயந்தா நான் எப்பத்தான் வெதைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். நான்காவது பாத்தியில் குப்புறக் கிடந்தான்.

அவனைத் தூக்கி வந்து கிடத்தியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. காற்று வீசிப் பள்ளம் தெளிந்த பிறகு, எல்லாரும் அழுதுகொண்டிருந்த நேரம், நீ வந்து சேருமுன் குழாயைப் பழைய குழியிலேயே கொண்டுபோய் வைத்தேன். பதினேழைப் பார்த்துவிட்டு நீ மண்ணில் உட்கார்ந்தாயே, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மகன் போய்விட்டான், பேத்தியும் போய்விடக் கூடாது என்று பயந்தேன். அளந்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார். குழாய் மேலே நின்றது ஊருக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்தவள் என்று யாரும் கேட்கவில்லை. வாகினம் நேற்று பந்தியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை.

இன்று காலை உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சோறு வடித்து என் முன்னால் வைத்தாள், துணிகளை மூட்டை கட்டினாள், தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சோறு அப்படியே இருக்கிறது.

தப்பு உன்னுடையது அல்ல என்று உன் அலுவலகத்துக்கும் அகுங்கை எழுதச் சொல்லியிருக்கிறேன். கீழே என் கையெழுத்து இருக்கும். நீ வேலைக்குத் திரும்பு. என்னை மன்னிக்க வேண்டாம். பதிலும் எழுத வேண்டாம்.

ஒன்று மட்டும். சுவரில் இருந்த உன் படத்தையும் அம்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு. பின்பக்கம் ஒன்றும் எழுதாமல் அனுப்பினாலும் போதும்.

சுமிரா