சாவு வீட்டுப் பானையில் செலரி

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

அங்கேயாவது வெயில் குறைவாக இருக்கிறதா? இங்கே அரூரில் மார்கழி மத்தியானம்கூடச் சுள்ளென்று அடிக்கிறது. உங்கள் செலரிப் பானைகளை நிழலுக்கு இழுத்து இழுத்து என் இடுப்பே கழன்றுவிட்டது. தரையில் நட்டால் கருகிவிடும் என்றுதானே பழைய சோற்றுப் பானைகளில் மண் நிரப்பி வளர்த்தீர்கள்? அந்தப் பங்களா வெள்ளைக்காரத் துரைக்கு சூப்பில் போட வேறு தழையே கிடைக்கவில்லையா?

உங்களை எடுத்துக்கொண்டு போன சற்று நேரத்தில் பங்களா சமையல்காரர் வந்து நின்றார். "விருந்துக்கு செலரி வந்தாகணும். இல்லீன்னா வேற தோட்டக்காரன் வந்துருவான், வூட்டைக் காலி பண்ணிக்கோங்க" என்றார். அம்மா தலை நிமிரவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் எங்கே போவோம், சொல்லுங்கள்.

அவர் அந்தப் பக்கம் போக, சுடுகாட்டிலிருந்து திரும்பிய உங்கள் தம்பி உலக்கையைத் தூக்கிக்கொண்டார். சாவு எடுத்த வீட்டில் பழைய மண்பானை இருக்கக் கூடாதே! அடுப்படிப் பானைகளை முடித்துவிட்டு, கொல்லையில் செலரி வரிசையின் முதல் பானையையும் உடைத்துவிட்டார். தண்டு வெளுக்க நீங்கள் சுற்றிய காகிதத்தோடு செடி மண்ணில் கிடந்தது. ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"தள்ளு புள்ள! தீட்டுப் பானைய வச்சிக்கிட்டுக் குடும்பம் வெளங்குமா?"

"என்னைய அடிச்சிட்டு அப்புறம் உடைங்க சித்தப்பா!"

ஓங்கிய உலக்கையை அவர் இறக்கவில்லை. வேலியோரம் கூட்டம் கூடிவிட்டது. அப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள். ஒரு பானையைச் சாய்த்து, தண்ணீர் வடிய நீங்கள் அடியில் போட்ட ஓட்டையைக் காட்டினாள்.

"உங்கண்ணன் கையாலயே உடைச்ச பானைங்க இது. உடைஞ்சதை எத்தினி தடவைங்க உடைப்பீங்க?"

சித்தப்பா உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முனகிக்கொண்டே குளிக்கப் போனார்.

விருந்தன்று தண்டுகளை அறுத்துக் கட்டி, பங்களாவுக்கு நானே கொண்டுபோனேன். துரைசாணி ஒன்றை ஒடித்துக் கடித்தாள். இங்கிலீஷில் என்னமோ சொன்னாள். "இனிமே நீயே தோட்டத்தப் பாத்துக்கோன்னு சொல்றாங்க" என்றார் சமையல்காரர்.

அப்பா, நீங்கள் போன அன்று நான் ஒரு சொட்டு அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. பேசட்டும், பானைகளைக் காக்கவே நேரம் சரியாக இருந்தது. வேலை கிடைத்ததும் ஓட்டமாய் ஓடிவந்து, வாசலிலிருந்தே, "அப்பா, வூடு நமக்குத்தான்!" என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை அழுதேன்.

அம்மாவை இந்த வீட்டிலிருந்து யாரும் எழுப்ப விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் ஒரே மகள்,
மாதம்மாள்