நொடிக்கு நாலு படம்

மார்ச் 2

என் அக்கா பெற்ற அருமை மருமகளுக்கு,

பழைய கம்ப்யூட்டர்களின் தனிப்பெரும் வைத்தியரும், போனில் யார் பேசினாலும் வண்டு குடைகிற சத்தம் மட்டுமே கேட்கிற காதுகளை உடையவருமான உன் மாமா ஆசியுடன் எழுதுவது.

அக்காவின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இருந்த தூசியில் இரண்டு போகம் பயிர் வைக்கலாம். ஹார்டு டிஸ்கில் அவள் வரைந்த வீடு, திரையிலேயே உள்ளே நடந்து பார்க்கிற வீடு, பத்திரமாக இருக்கிறது. செத்தது திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான். அந்த வரைபட சாப்ட்வேர் அரதப்பழசு. புதுப் பெட்டியில் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அதனால் அந்தக் காலத்துக் கார்டு ஒன்றைத் தேடி இதே பெட்டியில் மாட்டியாக வேண்டும். என் பரணிலிருந்து நான்கு பேரை இறக்கி நேர்முகத் தேர்வு வைத்தேன்.

முதல் ஆள், பதினாறு மெகாபைட் கிழவர். சுவரை வரைந்து முடித்துக் கூரைக்கு வருவதற்குள் எனக்கு மீதி முடியும் நரைத்துவிட்டது. அடுத்தவர் முப்பத்திரண்டு மெகாபைட் சாது. விசிறிகூடக் கிடையாது, வாயே திறக்காது. இவர்தான் வீட்டைத் திறந்து காட்டினார்! ஆனால் நொடிக்கு நாலே படம். நொண்டிக் குதிரைச் சவாரி மாதிரி விட்டு விட்டு நகர்கிறது. மூன்றாவது, அட்டையில் நூற்றிருபத்தெட்டு என்று தம்பட்டம் அடித்தவர். பிரித்துப் பார்த்தால் சிப்புக்கும் நினைவகத்துக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை! குடோன் பெரிசாக இருந்து என்ன, வண்டி போக வழி வேண்டாமா? நான்காவது பயில்வான். அதே நூற்றிருபத்தெட்டு, ஆனால் அகலமான பாதை. தலையில் இரண்டு விசிறி, சாப்பாட்டுக்குத் தனி மின்சார ஒயர். கடையின் இன்னொரு பெட்டியில் மாட்டி ஒரு விளையாட்டை ஓட்டினேன், நொடிக்கு அறுபது படம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மேசையோடு பறந்திருப்பேன்.

சாது திறந்து காட்டிய வீட்டில் நான் வாசலோடு நின்றுகொண்டேன். உள்ளே முதல் காலடி உன்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நான்கு கார்டுகளின் சக்கரவர்த்தி,
உன் மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் படித்துவிட்டு, எதற்குச் சிரிக்கிறேன் என்று பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்லத் தெரியாமல் முழித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

பதினோரு வருஷம், அந்தக் கம்ப்யூட்டரிலேயே அடுத்தவர்களுடைய வீடுகளை வரைந்துகொடுத்துவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அம்மா வரைந்த வீடு அது. "வாடகை வீட்டுல ஆணி அடிக்கக்கூடக் கேக்கணும். இதுல நான் நெனச்சா செவுத்தையே இடிப்பேன்டி" என்பாள். காட்டச் சொன்னால், "முடிச்சிட்டுக் காட்டுறேன்" என்பாள். முடிக்கவில்லை.

ஏப்ரல் 26 வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டேன். உங்கள் கடைக்கு வருகிறேன். மாமா, எனக்கு வேகம் வேண்டாம். முப்பத்திரண்டே போதும், நொண்டிக்கொண்டே நடந்துகொள்கிறேன். தயவுசெய்து எதையும் மாற்றாதீர்கள்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

அன்பு மருமகளே,

பதில் தாமதமானதற்கு இந்தச் சக்கரவர்த்தியை மன்னிக்கவும். அரண்மனையில் வேலை அதிகம்.

உன் அம்மா கட்டியது வீடா? மாளிகை! கூடத்தில் விமானம் இறக்கலாம். மாடிப்படி வளைந்து வளைந்து ஏறுகிறது பார், பயில்வானுக்கே மூச்சு வாங்கியது. சமையலறை ஜன்னல் வழியாக மூன்று மலை தெரிகிறது. ஒரு சின்னச் சோதனை மட்டும் பாக்கி. அதனால் ஏப்ரல் இருபத்தாறாம் தேதி அவசரப்பட்டு வர வேண்டாம். மே மாதம் பார்த்துக்கொள்வோம்.

மாமா

மார்ச் 29

மாமாவுக்கு,

அந்த வீட்டில் மாடிப்படி கிடையாது.

அம்மா என்னிடம் சொன்ன ஒரே விஷயம் அதுதான். "படியே வெக்கல. என் முட்டிக்கு ஒரு வீடாவது மரியாதை குடுக்கட்டும்."

என்ன ஆயிற்று?

ஏப்ரல் 5

மருமகளுக்கு,

மார்ச் 11ஆம் தேதி காலை பத்தரை மணிக்குச் சாதுவைக் கழற்றிவிட்டுப் பயில்வானை அக்காவின் பெட்டியில் மாட்டினேன். அதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியின் பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது என்றும் சந்தேகம் இருந்தது. கொஞ்ச நேரம்தானே என்று மாட்டினேன். ஒரு சத்தம், புகை. வாசலில் நின்ற வாடிக்கையாளர், "என்ன சார், கடைக்குள்ள அடுப்பு மூட்டுறீங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்தேன்.

ஹார்டு டிஸ்கும் சேர்ந்து போய்விட்டது. மீட்டுக் கொடுக்கிறவர்கள் இரண்டு பேரிடம் கொண்டுபோனேன். "உள்ள தட்டே கீறிப்போச்சு சார், ஒண்ணும் வராது" என்று இருவருமே சொன்னார்கள்.

நகல் எடுக்கவில்லை. "நகல் எடுக்காதவன் நாசமாய்ப் போவான்" என்று நானே எழுதி மாட்டிய பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

எதையும் மாற்றாதீர்கள் என்ற உன் கடிதம் பதின்மூன்றாம் தேதி வந்தது.

மாமா

ஏப்ரல் 13

மாமாவுக்கு,

எரிந்ததுகூடப் பரவாயில்லை. இல்லாத வீட்டில் என்னைப் படி ஏற்றினீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். சாது வீட்டைத் திறந்தபோது வாசலில் நின்றதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள்? ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுதுங்கள்.

ஏப்ரல் 19

மருமகளுக்கு,

ஒரே தளமுள்ள வீடு. முன்னால் தெரு, தெருவிலிருந்து வாசல் வரை சரிவான பாதை. படி இல்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கதவு நீலம், பாதி திறந்திருந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

வாசலில் ஒரு ஆள் உருவம். கட்டடத்தின் அளவு புரிவதற்காக வரைபடக்காரர்கள் நிறுத்தி வைப்பார்களே, அது. முகம் கிடையாது. சும்மா சாம்பல் நிறம். பக்கத்தில் உயரம் எழுதியிருந்தது: நான்கு அடி பதினோரு அங்குலம். அது யார் என்று எழுதினால் நான் கூட்டியதாகிவிடும்.

தெருவிலிருந்து வாசலை நோக்கி நடந்தேன். நொடிக்கு நாலு படம். அந்த உருவம் கொஞ்சம் கிட்டே வரும், நின்றுவிடும். மறுபடி கொஞ்சம் வரும், நின்றுவிடும். நீ வரும்போது அப்படி விட்டு விட்டு வரக்கூடாது என்று நினைத்தேன். அதற்காகத்தான் மாற்றினேன்.

மாமா

ஏப்ரல் 26

மாமா,

அம்மாவின் உயரம் அதுதான். வரைபடத்தில் நிறுத்துகிற ஆள் எப்போதும் ஐந்தரை அடி இருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இங்கே அதை மாற்றித் தன் உயரத்தில் நிறுத்தியிருக்கிறாள்.

கோபம் இன்னும் போகவில்லை. எப்போது வருவேன் என்று தெரியாது.

அந்த முப்பத்திரண்டை யாருக்கும் விற்றுவிடாதீர்கள். எடுத்து வையுங்கள்.