அப்பாவின் வயிறும் அக்காவின் குளிசையும்

உப்புவெளி,
திருகோணமலை.
14.11.1997

இத்தால் டென்மார்க் வாழ் தமிழ் மக்கள் அனைவருக்கும் பெருமகிழ்ச்சியுடன் அறியத்தருவது யாதெனில், எமது தகப்பனார் திருவாளர் குலசிங்கம் அவர்கள், ஒரு கிழமைக்கும் மேலான கடும் போராட்டத்தின் பின்னர், இன்று காலை கக்கூசுக்குச் சென்று வெற்றியுடன் திரும்பினார். வானொலியில் சொல்லமாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

அன்பின் மகள் கமலா, அந்தக் குளிருக்குள்ளே நீயும் மருமகனும் சுகமாக இருக்கக் கோணேசர் துணை. இங்கே நாங்கள் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். (இது அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. அவருக்குக் கை நடுங்குது, பேனை பிடிக்க ஏலாது. மேலே நான் எழுதின அறிவித்தல் அவருக்குத் தெரியாது.) மழை தொடங்கிவிட்டது. தம்பி தயாபரன் நன்றாகப் படிக்கிறான். (அவர் சொன்னது படிக்கிறானில்லை என்று. எழுதுகிறவன் நான்தானே.) வேலைக்குப் போகும்போது காதை மூடிக் கட்டிக்கொண்டு போ. எனக்கு வயிற்றுக்குத்து கொஞ்சம் இருக்குது, யோசிக்காதே. நோவுக்குப் போட நீ அனுப்பின குளிசை முடியப் போகுது, கொழும்புக்கு வருகிற ஆரிடமாவது இன்னும் இரண்டு பெட்டி கொடுத்துவிடு.

அக்கா, இந்த இடத்தில் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். இனி எழுதுவது நான். அந்தக் கடைசி வரியில் சொன்னதைச் செய்யாதீங்கோ. தொண்ணூறில் செல் விழுந்து வெடித்து அவருடைய இடுப்பில் ஏறின துண்டு உங்களுக்குத் தெரியும். அந்த நோவுக்குத்தானே நீங்கள் உங்களுக்கு முதுகுநோ என்று அங்கத்தைய டொக்டருக்குப் பொய் சொல்லிக் குளிசை வாங்கி வருஷக்கணக்காக அனுப்புகிறீங்கள். இப்ப இடுப்பு பேசாமல் இருக்குது, வயிறுதான் சண்டைக்கு வருகுது. சாப்பிட்டாலும் குத்து, சாப்பிடாவிட்டாலும் குத்து. பக்கத்து வீட்டுக் குணரத்தினம் மாமா வந்து தடவிப் பார்த்துவிட்டு, செல் துண்டு இடுப்பை விட்டு வயிற்றுக்குள் இறங்கிவிட்டது என்றார். அப்பா அதை அப்படியே நம்பி, குத்தும் போதெல்லாம் குளிசையைக் கூட்டினார். இந்த ஊரில் ஆமியின் பாஸ் இல்லாமல் மனிசரே அசைய ஏலாது, துண்டு மட்டும் எப்படி இடம்பெயர்ந்தது என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் நான்தான் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனனான். எக்ஸ்ரேயில் துண்டு இருந்த இடத்திலேயே இருக்குது. புதிதாக வந்திருக்கிற டொக்டர் அம்மா குளிசைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. இது அபின் சாதி மருந்து, வருஷக்கணக்காகப் போட்டால் குடலை நித்திரையாக்கி நரம்பை முழிக்க வைத்துவிடும், பிறகு நோவைத் தருகிறதும் இதுதான், அந்த நோவுக்கு இன்னும் ஒன்று போடு என்று கேட்கிறதும் இதுதான் என்றா. ஒரேயடியாக நிப்பாட்டக் கூடாதாம், மெல்ல மெல்லக் குறைக்க வேணுமாம். அதற்கு வீட்டில் மிச்சம் இருக்கிறதே போதுமாம். முதலில் நோ கூடும், பொறுக்க வேணும் என்றா.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார், இதைக் கமலாவுக்கு எழுதாதே, தானே அப்பாவுக்கு நஞ்சு அனுப்பினதாக நினைத்து அழுவாள் என்று. கொஞ்சம் பொறுத்து, பிள்ளையிடம் இருந்து வருகிறது இந்தப் பெட்டி ஒன்றுதான், அதையும் வேண்டாம் என்றால் பிறகு என்ன வரும் என்று கேட்டார். நீங்கள் வேறு ஏதாவது போட்டுப் பெட்டி அனுப்புங்கோ அக்கா, ஒரு பழைய கம்பளித் தொப்பி என்றாலும் பரவாயில்லை.

குளிசைக்கு இப்ப நான்தான் பொறுப்பு. பிளேட்டால் பாதி பாதியாக வெட்டித்தான் கொடுப்பேன், அளவுக்கு மேல் ஒரு தூள் கிடைக்காது. அவர் கெஞ்சினால் நான் கல்லு. ஆமிக்காரர் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தாலும் பெட்டி இருக்கிற இடத்தைச் சொல்லமாட்டேன். தனியே சமாளிக்கப் பயமில்லையா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீங்கள். எனக்கு என்ன பயம். பொழுதுபட முதலே சந்தி வெறிச்சோடிப் போகுது. என்னோடு படித்தவங்களில் பாதிப் பேர் கொழும்பில், மற்றவங்கள் எங்கே என்று கேட்கக் கூடாது. பகிடி விட்டால் சிரிக்க ஆளில்லாமல் கோழிக்குத்தான் பகிடி விடுகிறேன். அதுக்கு விளங்குது போலத்தான் இருக்குது, முட்டை இடுகிறதை நிப்பாட்டிவிட்டது.

அப்பா எழும்பிவிட்டார், கடிதத்தை முடிக்கச் சொல்லுகிறார். மகள், உன் வீட்டு அடுப்பும் உன் மனமும் ஒருநாளும் குளிராமல் இருக்க வேணும். வெள்ளிக்கிழமையில் விளக்கேற்ற மறக்காதே. குளிசையையும் மறக்காதே. (மறந்துவிடுங்கோ.) கையெழுத்து மட்டும் அவரே போடுகிறார். வாசித்துப் பார்க்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அது அரிசிப் பானைக்குள் இருக்குது. இந்த வருஷம் நான் விட்ட ஒரே நல்ல பகிடி.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் அப்பா,
வே. குலசிங்கம்

அக்கா, ஓரத்தில் கொஞ்சம் இடம் இருக்குது. மேலே கல்லு என்று எழுதினது சும்மா. செவ்வாய்க்கிழமை அப்பா குசினி அடுப்படி நிலத்தில் சுருண்டு கிடந்து, செத்துப்போன எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. நான் வெட்டாமல் முழுக் குளிசையை எடுத்துக் கொடுத்தனான். நேற்றும் கொடுத்தனான். கெஞ்சக்கூட இல்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இனியும் குளிசை வீட்டில் இருந்தால் கொடுத்துவிடுவேன். அனுப்பாதீங்கோ.