கோல்காரர் வரும்வரை பேசு

சூரமங்கலம், சேலம்
சர்வதாரி வருஷம் மாசி மாதம் 23
(6-3-1949)

சிரஞ்சீவி குழந்தைவேலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், உன் பாவாயி அத்தை சௌக்கியத்துக்கும் ஒரு படி மேலே. நீயும் சௌக்கியம் என்றுதான் எழுதியிருக்கிறாய், ஆனால் ஹாலந்துக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ எதைப் பற்றி எழுதாமல் விடுகிறாயோ அதுதான் அங்கே அதிகம் என்று எனக்குத் தெரியும், ஆகையால் கம்பளிப் பனியனைக் கழற்றாதே. உன் ஆராய்ச்சி நூலை அச்சுக்குக் கொடுத்தாயிற்று, சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் சபைக்கு முன்னால் நிற்கத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. கடிதத்தை உடனே எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியைக்குக் காட்டவேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். அந்த அவசரத்தில்தான் வேடிக்கை பிறந்தது.

நான் எடுத்துப்போனது முதல் தாள் மட்டும். இரண்டாவது தாள் மேஜையிலேயே கிடந்திருக்கிறது. கூட்ஸ் ஆபீஸிலிருந்து நேற்று மத்தியானமே வந்த அப்பா அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் படித்துக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே கடலைக்காட்டு வரப்பில் உட்கார்ந்து அத்தைக்கு உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். நீ அந்தத் தாளில் என்ன எழுதினாய் என்று நினைவிருக்கிறதா? பெரிய மண்டபம், பெரியவர்கள் அங்கி அணிந்து வரிசையாக வந்து உட்காருவார்கள், எனக்குக் கறுப்புக் கோட்டு வாடகைக்கு எடுத்திருக்கிறேன், எனக்குப் பின்னால் தோழர்கள் இரண்டு பேர் நிற்பார்கள், அவர்களுக்கு இங்கே வழங்கும் பெயருக்கு மணப்பெண்ணின் பக்கத்தில் நிற்பவர் என்று அர்த்தம், யார் வேண்டுமானாலும் வரலாம், முடிந்ததும் விருந்து. முதல் தாளைப் பார்க்காத மனிதருக்கு இது வேறு என்னவாகத் தோன்றும்? கல்யாணமேதான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டாள்.

இன்று காலை அப்பாவையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். ஒரு கையில் கால் கட்டிய கோழி, இன்னொரு கையில் சரிகைக் கரை வேட்டி. கோபத்தோடு வந்தாலும் அத்தைக்காரி வெறுங்கையோடு வரக்கூடாதாம். வாசலில் செருப்பை விடுவதற்கு முன்பே, “ஏனம்மணி, பெத்தவ நீ ஒரு பேச்சு எங்கிட்டச் சொல்லோணுமா வேண்டாமா? பொண்ணு எந்த ஊரு? வெள்ளைக்காரங்கள்ல அது என்ன கூட்டம்? நம்ம கூட்டமாவே இருந்துபோச்சுன்னா அண்ணன் தங்கச்சி மொறை ஆயிருமல்லோ!” என்று கேட்டாள். நான் ஒன்றும் புரியாமல் விழிக்க, அப்பா பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தாளை நீட்டினார். எனக்கு வந்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு இரண்டு தாள்களையும் சேர்த்துவைத்து முதலிலிருந்து படித்தேன். இது கல்யாணம் இல்லை, பரீட்சை, நம் காட்டுக் கடலைச் செடிக்கு வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றி அவன் எழுதிய நூலை ஊரறிய நிலைநாட்டவேண்டும், முக்கால் மணி நேரம் அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லவேண்டும், நேரம் முடிந்ததும் கையில் கோல் ஏந்திய ஒருவர் உள்ளே வந்து தட்டி, நேரமாயிற்று என்பார், அப்போது வாயில் பாதிச் சொல் இருந்தாலும் அப்படியே நிறுத்திவிடலாம் என்றேன். அத்தைக்கு முகம் மாறிவிட்டது. “திக்கற கொழந்தையை நிக்கவெச்சுக் கேள்வி கேக்கறானுங்களா? கல்லு மனசுக்காரனுங்க!” என்றாள். உன் திக்கலைப் பற்றி நம் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை, உனக்கே தெரியும். அத்தையோ விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, “முக்கா மணி நேரந்தானே? நம்ம சாமி மொதக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள கோல்காரன் வந்துருவானே! மத்தவங்க கேள்வியெல்லாம் அவங்க வாயிலயே கெடந்து ஊறட்டும்!” என்றாள். அப்பா முதலில் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்த பிறகுதான் அவர் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ இங்கே இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இத்தனை வருஷம் பூனை நடப்பதுபோல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தோமே, அதற்கு நடுவில் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். பின்னால் நிற்கும் தோழன் ஹென்றிக், உன் இடத்தில் நானே பதில் சொல்கிறேன் என்கிறார், பழைய வழக்கப்படி அதற்கு இடமுண்டு, நான் தலையை ஆட்டினால் போதும், இந்த மாதக் கடைசிக்குள் புரொபஸரிடம் சொல்லவேண்டும், நீயே சொல் அம்மா என்று முதல் தாளின் கடைசியில் எழுதியிருந்தாய். உண்மையைச் சொன்னால், உன் கடிதத்தைப் படித்த உடனே, ஹென்றிக்கே பேசட்டும் என்றுதான் மனத்துக்குள் பதில் எழுதிவிட்டேன். அத்தனை அந்நியர் நடுவில் நீ ஒரு எழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தாலே எனக்கு இங்கே நாக்கு உலர்கிறது. இதை அத்தையிடம் சொன்னபோது கோழிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “தோழன் தாலியக் கட்டினா பொண்ணு ஆருக்கம்மணி?” என்று கேட்டாள். அதற்கும் சிரித்தோம். ஆனால் அவள் போன பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. என் வகுப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் பதில் சொல்ல எழுந்து தயங்கினால் மற்றவர்கள் நான் நான் என்று கையைத் தூக்குவார்கள். கைகளை இறக்கச் சொல்லிவிட்டு நான் காத்திருப்பேன். எழுந்தவள் தப்பாகச் சொன்னாலும் அன்று சாயங்காலம் அவள் நடக்கிற நடையே வேறு. பிறத்தியார் பெண்களுக்கு இருபது வருஷமாக இதைச் செய்கிறவள் என் பிள்ளைக்கு மட்டும் ஏன் அவசரப்படவேண்டும்? கேள்வி கேட்டவர்கள்தான் காத்திருக்கவேண்டும் குழந்தைவேலு, அது அவர்கள் வேலை. உன் வேலை சொல்வது, அவ்வளவுதான்.

ஆகையால் நீயே பேசு. ஹென்றிக்குக்கு என் நன்றியைச் சொல், பின்னால் நிற்கட்டும், இன்னொரு தோழனான அந்தச் சுமாத்ராப் பிள்ளையும் நிற்கட்டும். அந்தப் பிள்ளையின் நாட்டுக்கும் ஹென்றிக்கின் ஹாலந்துக்கும் சண்டை நடக்கிற இந்த நாளில் அவர்கள் இருவரும் உன் முதுகுக்குப் பின்னால் தோளோடு தோள் நிற்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இடையில் சொல் நின்றால் நிற்கட்டும், முகத்தைச் சுளிக்காதே, இருமுவதுபோல் பாசாங்கு செய்யாதே, அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு லேசான சொல்லைத் தேடி ஓடாதே. செடியின் பெயரும் நோயின் பெயரும் நீ மூன்று வருஷம் உழைத்துச் சம்பாதித்தவை, அவற்றை உன் வாயாலேயே சொல். நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாளை எதிரில் உட்காரவைத்துத் தினம் ஒரு தடவை முழுவதும் சொல்லிப் பார். அவளுக்குப் பூச்சி பூஞ்சணம் புரியாது என்பது நல்லதே, நடுவில் திருத்தமாட்டாள். அன்று காலையில் வெறும் வயிற்றோடு போகாதே, காப்பி ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், வெந்நீரில் சுக்கைத் தட்டிப் போட்டுக் குடி. கோல்காரர் வந்து தட்டும்போது ஏதாவது ஒரு சொல் பாதியில் நின்றால் அதை அப்படியே பத்திரமாக இங்கே கொண்டுவா, மீதியை இங்கே வந்து சொல்லி முடி.

மற்றபடி ஊர்ச் செய்திகள் அதிகம் இல்லை. மழை இல்லாமல் ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கூட்ஸ் ஆபீஸில் எல்லோரிடமும் என் பையன் ஹாலந்தில் கடலைக்காய்க்கு டாக்டர் ஆகப்போகிறான் என்கிறார், அவர்களில் ஒருவர் தம் மாட்டுக்கு மருந்து கேட்டுவிட்டாராம். கோழி இரண்டு நாளில் குழம்பாகிவிடும். வேட்டியைத் திருப்பி எடுத்துப்போங்கள் என்றதற்கு அத்தை, “கண்ணாலத்துக்குன்னு எடுத்ததை ஊட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, எதுக்கோ ஒண்ணுக்கு அவனே கட்டட்டும்” என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். கப்பலில் அனுப்புகிறேன். அது வந்து சேர்வதற்குள் நீ டாக்டர் ஆகியிருப்பாய், ஆனாலும் ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு தோழர்கள் இருவருக்கும் நடுவில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது உண்மையானால் அத்தைக்கும் ஒரு கேள்வி இருக்கிறதாம், புள்ளி விழுந்த செடியைப் பிடுங்கி எறியோணுமா, விட்டுவைக்கலாமா என்று. சபையில் நேரமில்லாவிட்டால் அதற்கு வரப்பில் வந்து பதில் சொல், அங்கே கோல்காரர் கிடையாது.

கந்தகிரி முருகன் உன் நாவில் துணையிருக்கட்டும். நீண்ட ஆயுளும் நிறைந்த புகழும் பெற்று, நீ எந்தச் சபையிலும் உன் குரலோடு வாழ்க. புரொபஸருக்கு உடனே பதில் சொல்ல மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தை ஆகாயத் தபாலில் போடுவதே அதற்காகத்தான். அன்று முடிந்ததும் தந்தி அடி. தேறினேன் என்று வேண்டாம், அது எங்களுக்கு இப்போதே தெரியும். பேசினேன் என்று ஒரே ஒரு வார்த்தை அடி, போதும்.

உன் அன்புள்ள அம்மா,
சௌந்திரம்