மாட்டேன் என்று சொன்ன பிறகு

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நலமா? சாயப்பட்டறையில் என் போனை வாங்கி நோண்டிவிட்டார்கள். பேசவே பயம். அதனால்தான் கடிதம்.

வேலையை விட்டுவிட்டேன். மழை கொட்டும்போது கழிவுநீரை ஓடையில் திறந்துவிடச் சொன்னார் மேலாளர். வருஷக்கணக்காகச் செய்ததுதான். திறக்காவிட்டால் என் அடுப்பு எரியாதே என்று கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடுவேன். இப்போதுதான் வேலை இருப்பவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லோர் கணக்கிலும் மாதாமாதம் அரசாங்கத்தில் அடிப்படை வருமானம் போடுகிறார்களே. அரை வயிற்றுக்காவது ஆகும் என்ற தைரியத்தில், "நான் திறக்க மாட்டேன் சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் நாங்களும் மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து எதிர்க் கடை வாசலில் ஒருவன் நின்று என் ஜன்னலையே பார்க்கிறான். கேட்டால், பஸ்ஸுக்கு நிற்கிறானாம். இந்தத் தெருவில் பஸ் வருவதே இல்லை.

ஓடைத் தண்ணீரைப் பற்றி விசாரிக்க வந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் என்னிடம் வாக்குமூலம் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடையில் விட்டது போக மீதியை டேங்கர் லாரியில் ஏற்றிக் கண்ட இடத்தில் கொட்டுவது என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளைதானே, யோசித்தாயா? நேற்று சாப்பாட்டில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார்.

"உங்க அக்கா வாயைத் திறந்தா முதல்ல உள்ள போறது நான்தான், முதலாளி இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். கெஞ்சினார், அக்கா.

அந்த வருமானத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடுவார்கள் என்கிறார்கள். அதை நம்பியா இவ்வளவு பெரிய இடத்தைப் பகைப்பது? சும்மா வருகிற காசு திமிரைக் கொடுக்கிறது என்று இங்கே ஜாடை பேசுகிறார்கள். எனக்காக வாயை மூடிக்கொண்டு இரு.

குட்டி

ஜூன் 20

அன்புள்ள குட்டிக்கு,

வாக்குமூலம் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் வைத்து, லாரி ஓட்டுவது யார் என்று கேட்டார்கள். தண்ணீர் கேட்டேன். கடையில் வாங்கிய பாட்டிலைக் கொடுத்தார்கள். எங்கள் குழாய்த் தண்ணீரை அவர்கள் வாயில் வைக்கவே இல்லை. அதைத்தானே இந்தத் தெரு முழுக்கக் குடிக்கிறோம். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண். மாப்பிள்ளை பேரைச் சொல்லிவிட்டேன், குட்டி. அவரை அனுப்பியவர்கள் பேரையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இனி எழுதமாட்டாயோ என்னவோ. தபால்காரர் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

அக்கா

ஜூலை 9

அக்காவுக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை.

அவரை வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கேட்டால், இப்படி ஒரு ஆளையே தெரியாது என்கிறார்கள். பல நாள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தனியே விட்டுக் குளிக்கப் போகவும் பயந்தேன். போன வாரம் கணக்கில் அந்த வருமானம் ஏறிய செய்தி போனில் வந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார்.

"இது எனக்கும்தானே வந்துட்டிருந்தது. அப்புறம் நான் ஏன் முடியாதுன்னு சொல்லல?"

போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் கழிவைக் கொட்டிய இடங்களை அதிகாரிகளுக்குக் காட்டக் கிளம்பினார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. சாயங்காலம் முழங்கால்வரை சேறோடு வந்து நிற்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. வந்ததும் சோறு கேட்டார். பட்டறைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வழக்கில் அவருக்கும் தண்டனை உண்டாம். தானே வந்து சொன்னதால் குறையலாம் என்கிறார்கள்.

நேற்று யாரோ சமையலறை ஜன்னலைக் கல்லால் உடைத்துவிட்டார்கள். அட்டையை வைத்து அடைத்திருக்கிறோம்.

உன்மேல் கோபம் ஆறவில்லை. ஆறாமலே போகலாம். அதற்காக நீ அங்கே தனியாக, நாங்கள் இங்கே தனியாக நடுங்கிக்கொண்டு இருப்பானேன்? துணிமணியை எடுத்துக்கொண்டு பகலிலேயே கிளம்பி வா. வந்ததும் முதலில் உன்னை வாயாரத் திட்டுவேன். பிறகு பாய் போட்டுத் தருகிறேன்.

குட்டி